கடையை மூடச் சொல்கிறவளின் கணவர்

சங்கரன்கோவில்
மார்ச் 24

அன்புள்ள வாணி அப்பாவுக்கு,

போன் இருக்கும்போது காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைக்காதீர்கள். என் போன் இப்போது என்னுடையது இல்லை. சட்டசபைத் தேர்தலுக்கு வேட்பு மனு போட்ட அன்றைக்கே மளிகைக் கடை செல்வமணி அண்ணாச்சி அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தலைமை ஏஜெண்டாம். யார் கூப்பிட்டாலும் அவர்தான் எடுத்து, "வேட்பாளர் பிரசாரத்துல இருக்காவ, விசயத்தச் சொல்லுங்க" என்கிறார். நேற்று நீங்கள் கூப்பிட்டபோதும் அதைத்தான் சொன்னாராம். "எம் பொண்டாட்டிகிட்டப் பேச விசயம் வேணுமாவே?" என்று நீங்கள் கேட்டதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் சாயல்குடி போனதிலிருந்து உங்கள் குரலை நான் சரியாகக் கேட்கவே இல்லை.

ஒரு வகையில் இதுவும் நல்லதுதான். போனில் பேசினால் சாப்பிட்டாயா என்று ஆரம்பித்துச் சண்டையில் முடிக்கிறோம். எழுதினால் நடுவில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

சுயேச்சைகளுக்குக் கொடுக்கிற சின்னங்களில் எனக்கு இஸ்திரிப்பெட்டி கிடைத்திருக்கிறது. நம் மகளிர் குழுப் பெண்களுக்கு ஒரே குஷி. பேச்சித்தாய் எங்கிருந்தோ கரி போடுகிற பழைய பித்தளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கரிவலம்வந்தநல்லூரில் தெருத்தெருவாக அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். சாயந்தரம் கை வீங்கிப் போய்த் தைலம் தேய்த்துவிட்டோம். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாணி நர்சிங் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லுகிறாள். அதையும் அண்ணாச்சிதான் போனில் கேட்டு எனக்குச் சொன்னார்.

ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. ஏப்ரல் 8-ஆம் தேதி கல்யாண மண்டபத்தில் பொதுமேடை. வியாபாரிகளும் மகளிர் குழுக்களும் சேர்ந்து எல்லா வேட்பாளர்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று கேள்வி. புறவழிச்சாலை எந்தப் பக்கம் வர வேண்டும், விசைத்தறிக்காரர்களுக்குக் கூலியும் கரண்டு கட்டணமும் எப்படி, மதுக்கடையை மூட வேண்டுமா வேண்டாமா. முதல் இரண்டையும் சமாளித்துவிடுவேன். மூன்றாவதற்கு நான் என்ன சொல்லட்டும்?

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்கு முன்னால் குழுப் பெண்களோடு நான் மறியலில் உட்கார்ந்த நாளெல்லாம் நீங்கள் ஊருக்கு வெளியே இன்னொரு மதுக்கடைக்குள் வேலைக்கு உட்கார்ந்திருந்தீர்கள். ராத்திரி இரண்டு பேரும் ஒரே குழம்பைத்தான் சாப்பிட்டோம். அப்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்பார்கள். மூடணும் என்று நான் சொன்னால் அது உங்கள் வேலைக்கு நான் வைக்கிற வேட்டு. வேண்டாம் என்று சொன்னால் பேச்சித்தாய் முகத்தில் எப்படி முழிப்பேன்? உங்கள் மனசில் உள்ளதைச் சொல்லுங்கள்.

இதோடு என் நோட்டீஸ் ஒன்று வைத்திருக்கிறேன். போட்டோவில் முகம் உப்பிப்போய் இருக்கிறது.

நிர்மலா

*

சாயல்குடி
மார்ச் 28

அன்புள்ள நிர்மலா,

நோட்டீஸ் பார்த்தேன். முகம் நன்றாகத்தான் இருக்கிறது. முகத்துக்குக் கீழே 'கணவர்: மூக்காண்டி, வியாபாரம்' என்று போட்டிருக்கிறது. யார் அந்த வியாபாரி? எனக்கும் அறிமுகம் செய்துவைத்தால் நன்றாக இருக்கும்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பெயரை நீ வாயால் சொன்னது கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளை விட்டுச் சொல்லச் சொல்வாய். உன் பெயரோடு என் பெயர் அச்சில் வருகிறதே என்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துதான் போனது. அதற்குப் பக்கத்திலேயே அந்த வார்த்தை.

நான் மதுக்கடை சூப்பர்வைசர். பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, சர்க்கார் வேலை என்று நம்பிச் சேர்ந்தவன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கே பெருமை ஒன்றும் இல்லைதான். ஆனால் நான் வேறு யாரோ என்று அச்சடிக்கிற அளவுக்குக் கேவலம் என்று தெரியாது. ஒரு நாளாவது வீட்டுக்குள் அந்த நாற்றத்தோடு வந்திருக்கிறேனா? பின்வாசல் குழாயில் குளித்துவிட்டுத்தானே உள்ளே வருவேன்?

இங்கே அரிசிக் கடைக்கு மேல் ஒரு அறை. கடல் காற்றில் உப்பு கலந்து சட்டை எல்லாம் பிசுபிசுக்கிறது. இப்போது காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று பாட்டிலுக்குப் பாட்டில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியிருக்கிறது. பசையில் விரல் எல்லாம் ஒட்டிக்கொள்கிறது, அதோடுதான் இதை எழுதுகிறேன். கூட இருக்கிற சேல்ஸ்மேன் பேச்சிராஜ் நல்ல பையன். மூன்று பெண் குழந்தைகள் அவனுக்கு. நான் சோறு பொங்கினால் அவன் குழம்பு வைப்பான்.

மேடையில் என்ன சொல்ல என்று கேட்டிருக்கிறாய். என்னைக் கேட்காதே. கடையில் வேலை பார்க்கிறவனைக் கேட்டால், மூடினால் நாங்கள் எங்கே போவது என்று கேட்பான். உன் புருஷனைக் கேட்டால், உனக்குச் சரி என்று பட்டதைச் சொல் என்பான். இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் சங்கடம்.

தேர்தலுக்காகக் கடை மூன்று நாள் அடைப்பு. ஊருக்கு வந்து ஓட்டுப் போடலாம் என்று இருந்தேன். இனி வரவில்லை. அந்த வியாபாரியைப் போடச் சொல்.

மூக்காண்டி

*

சங்கரன்கோவில்
ஏப்ரல் 1

வாணி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறைக்குள் வைத்துத்தான் படிக்க முடிந்தது. வீடு முழுக்க ஆள். அழுதால்கூடத் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் அழ வேண்டியிருக்கிறது. நன்றாக எழுதியிருக்கிறீர்கள். வரலாறு படித்தவரல்லவா.

அந்த வார்த்தையைப் போட்டது அண்ணாச்சி. அச்சுக்குப் போகும் முன் நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஏன் என்று கேளுங்கள். அதற்கு முந்தின நாள் தேரடியில் எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் மைக்கில், "புருசன் ஊத்திக் குடுப்பானாம், பொண்டாட்டி மூடச் சொல்லுவாளாம். நல்ல குடும்பம்வே" என்றான். கூட்டம் சிரித்தது. நம் குழுப் பெண்களிலேயே இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. உங்களைப் பற்றி வெட்கப்பட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்களை வைத்து நாலு பேர் சிரிப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் மட்டும் என்ன? "தேர்தல் முடியிற வரைக்கும் நீங்க கண்ணுல படாம இருந்தா நல்லதுவே" என்று அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னார். அடுத்த வாரமே இடமாற்றம் வாங்கிப் பெட்டியைக் கட்டிவிட்டீர்கள். "நீ என்னட்டி சொல்லுத?" என்று என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? நான் போகாதீங்க என்று சொல்லுவேன் என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றீர்கள். அது எனக்குத் தெரியும். நானும் அடுப்பங்கரையை விட்டு வரவில்லை. இரண்டு பேரும் வீம்புக்காரர்கள், வேறென்ன.

மேடைக்கு அண்ணாச்சி ஒரு பதில் தயார் செய்து கொடுத்திருக்கிறார். 'படிப்படியாக மூடுவோம்' என்று சொல்ல வேண்டுமாம். பெரிய கட்சிக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லுவார்கள், யாருக்கும் கோபம் வராது என்கிறார். குழுக் கூட்டத்தில் அதைச் சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் எழுந்து போன பிறகு பேச்சித்தாய் பாயைச் சுருட்டிக்கொண்டே, "ஆமாக்கா, எங்க வீட்டுக்காரரும் படிப்படியாத்தான் செத்தாரு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வரவில்லை என்று எழுதியதை வாபஸ் வாங்குங்கள். நான் ஜெயிக்கிறேனோ தோற்கிறேனோ, நீங்கள் ஓட்டுப் போடாத தேர்தலில் நான் எதற்கு நிற்க வேண்டும்?

நிர்மலா

*

சாயல்குடி
ஏப்ரல் 4

அன்புள்ள நிர்மலா,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. பில் போட்டுக்கொண்டே நடுநடுவே படித்தேன். ஒருத்தருக்கு மாற்றிச் சரக்கைக் கொடுத்துவிட்டேன். அவர் குடித்துவிட்டு வந்து சண்டை போட்டார், குடித்த பிறகு எப்படி மாற்றித் தருவது?

வாசலில் நான் நின்றது உனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அது போதும் எனக்கு. கோபம் எல்லாம் போய்விட்டது.

உன்னைத் திட்டுகிற யோக்கியதையும் எனக்கு இல்லை என்று இந்த வாரம் தெரிந்துவிட்டது. முந்தாநாள் பேச்சிராஜ் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, ஒங்க ஊருல ஒரு பொம்பள கடைய மூடுவேன்னு நிக்கிதாமே, தெரியுமா?" என்று கேட்டான். நான் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே, "எவளோ நிக்கா" என்றேன். அவனுக்கு மூன்று பெண் குழந்தைகள். அவன் சோற்றில் மண் போடப் பார்க்கிறவள் என் பொண்டாட்டிதான் என்று எப்படிச் சொல்லுவது? அப்படிச் சொல்லிவிட்டு ராத்திரி அவன் வைத்த குழம்பைச் சாப்பிட்டேன். நீ என்னை வியாபாரி ஆக்கினாய், நான் உன்னை எவளோ ஆக்கிவிட்டேன்.

அதனால் தெளிந்த மனசோடு சொல்கிறேன், கேட்டுக்கொள். மேடையில் உனக்குத் தோன்றுகிறபடி பேசு. ஆனால் என்னைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடு. புறவழிச்சாலையைப் பற்றிப் பேசு, கரண்டு கட்டணத்தைப் பற்றிப் பேசு. நோட்டீஸில் இருக்கிறபடியே இருக்கட்டும். நீ தெருத்தெருவாக நடந்து தொண்டை போய்ச் சம்பாதித்ததை என் வேலை வந்து கெடுக்க வேண்டாம். இதை வருத்தத்தில் எழுதவில்லை. உண்மையாகவே நீ ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆசைப்படுகிறபோதே, அடுத்த மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்றும் கணக்குப் போடுகிறேன், அது வேறு விஷயம்.

ஓட்டுக்கு வருவதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். வந்தாலும் இருட்டிய பிறகு வருகிறேன்.

தொண்டைக்குப் பனங்கற்கண்டும் மிளகும் வாயில் போட்டுக்கொள். கூட்டத்துக்கு முன்னால் மோர் குடிக்காதே.

மூக்காண்டி

*

சங்கரன்கோவில்
ஏப்ரல் 9

வாணி அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மண்டபம் நிறைந்து வெளியிலும் ஆள் நின்றார்கள். புறவழிச்சாலை வயலுக்குள் வரக் கூடாது, மேற்கே தரிசு வழியாகப் போகட்டும் என்றேன். வயல்காரர்கள் கைதட்டினார்கள். மேற்கே மனை வாங்கிப் போட்டிருக்கிறவர்கள் முறைத்தார்கள். விசைத்தறிக்குக் கரண்டு சலுகை கொடுப்பதென்றால் தறி ஓட்டுகிறவனுக்குக் கூலியையும் ஏற்றிக் கொடுக்கிற முதலாளிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றேன். முதலாளிமார் வரிசையில் அசைவே இல்லை.

கடைசியாகக் கடை. எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் படிப்படியாக, படிப்படியாக என்று சொல்லி உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி கீழே முதல் வரிசையிலிருந்து, அதையே சொல்லு என்று உதட்டை அசைத்துக் காட்டினார். நான் பேச்சித்தாயைப் பார்த்தேன். "மூடணும்" என்று ஒரே வார்த்தையில் சொன்னேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். "ஒங்க வீட்டுக்காரரு என்ன வேல பாக்காரு? அதச் சொல்லும்மா." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொருத்தன், "அவரு பேரே அந்தம்மாவுக்குத் தெரியாதுவே" என்றான். சிரிப்பு. நீங்கள் எழுதிய மாதிரி பேச்சை மாற்ற வாயைத் திறந்தேன், சத்தியமாக. என் வாயில் வேறு வந்தது.

"எங்க வீட்டுக்காரரு பேரு மூக்காண்டி" என்றேன். மைக்கில் அது எவ்வளவு சத்தமாகக் கேட்டது தெரியுமா? எனக்கே உடம்பு சிலிர்த்துப்போனது. "பி.ஏ. படிச்சிருக்காவ. சர்க்கார் மதுக்கடையில சூப்பர்வைசர். நோட்டீசுல வியாபாரம்னு போட்டது தப்பு. அந்தச் சம்பளத்துலதான் நான் சாப்பிட்டேன், எம் மக படிக்கா. இந்தக் கடைய மூடுனா மொதல்ல வேல போறது எங்க வீட்டுலதான். தெரிஞ்சேதான் மூடணும்னு சொல்லுதேன். வேலையில்லாத காலத்துல சர்க்கார் குடுத்த வேலையத்தான் அவுக பாத்தாவ, திருடப் போகல. அங்கன வேலை பாக்குத அத்தன பேருக்கும் வேற வேலை குடுத்துட்டுத்தான் மூடணும். அதையும் சேத்துத்தான் கேப்பேன்."

அப்புறம் என்ன நடந்தது என்று சரியாக ஞாபகம் இல்லை. கைதட்டினார்கள், ஆனால் எல்லாரும் இல்லை. "ரெண்டு பக்கமும் ஓட்டு வாங்கப் பாக்கா" என்று ஒருத்தர் சொன்னது காதில் விழுந்தது. அண்ணாச்சி வீடு வரைக்கும் கூடவே வந்தார். வாசலில் போனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "கடைக்காரன் வீட்டு ஓட்டும் போச்சு, மூடச் சொல்லுதவன் ஓட்டும் பாதி போச்சு. நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் வழக்கம்போல வேனோடு வந்து நின்றார். பாவம் மனிதர்.

போன் இப்போது என் கையில்தான் இருக்கிறது. இருந்தும் எழுதுகிறேன். உங்கள் பெயரை ஊரறியச் சொல்லிவிட்டேன், உங்களிடம் போனில் சொல்ல மட்டும் கூச்சமாக இருக்கிறது. வேலைக்கு வேட்டு வைத்துவிட்டாளே என்று கோபமா? கோபமென்றாலும் எழுதுங்கள்.

நிர்மலா

*

சாயல்குடி
ஏப்ரல் 13

அன்புள்ள நிர்மலா,

உன் கடிதத்துக்கு முன்னாலேயே உன் வீடியோ வந்துவிட்டது. சாயந்தரக் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற நேரம். ஒரு மீன் வண்டிக்காரர் கவுண்டரில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே குனிந்து பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். மூக்காண்டி என்று யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பொம்பளைக் குரல். இந்த ஊரில் யார் கூப்பிடுவது என்று எழுந்து பார்த்தால் போனுக்குள் நீ.

முழுதும் கேட்டேன். வரிசையில் இருந்தவர்களும் கேட்டார்கள். பேச்சிராஜ் பக்கத்தில் நின்றான். முடிந்ததும், "அண்ணாச்சி, ஒங்க பேருதான அந்தப் பொம்பள சொல்லுது?" என்றான். அந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். என் வாயிலும் வேறு வந்தது. "எம் பொண்டாட்டிலே அது" என்றேன். சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்புறம் அந்த மீன் வண்டிக்காரர், "ஒங்க வீட்டம்மா சொல்லுதது ஞாயந்தான் அண்ணாச்சி. எம் பொண்டாட்டியும் அதத்தான் சொல்லுதா" என்றார். சொல்லிவிட்டு, "சரி, ஒரு குவாட்டர் குடுங்க" என்று ரூபாயை நீட்டினார். கொடுத்தேன். வேறென்ன செய்ய.

பேச்சிராஜ் அன்றைக்குக் குழம்பு வைக்கவில்லை. அடுத்த நாளும் என்னோடு பேசவில்லை. நேற்றுக் கடையடைத்துப் பூட்டும்போது, "வேற வேல குடுக்கணும்னு சொன்னாவளே, என்ன வேலயாம்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லையடா, வந்து நீயே மதினியிடம் கேள் என்றேன். நீதான் பதில் சொல்ல வேண்டும். அவன் விடமாட்டான், நல்ல பதிலாக யோசித்து வை.

கோபமா என்று கேட்டிருக்கிறாய். பயம் இருக்கிறது நிர்மலா. இந்த வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள், வாணி படிப்பு முடியுமா என்று படுத்தால் அதுதான் ஓடுகிறது. உனக்குப் போடுகிற ஓட்டு என் வேலைக்கு எதிராக நானே போடுகிற ஓட்டு. அதைப் போடத்தான் வருகிறேன். பயந்துகொண்டேதான் வருகிறேன்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் காலையில் கிளம்பிக் கோவில்பட்டி வந்து, கழுகுமலை வழியாக வருகிற பஸ்ஸைப் பிடித்தால் மூன்று மணிக்கு ஊருக்குள் வந்துவிடும். அண்ணாச்சிக்குச் சங்கடம் வேண்டாம் என்றால் ஊருக்கு வெளியிலேயே இறங்கி இருட்டிய பிறகு நடந்து வருகிறேன். நீ எப்படிச் சொல்லுகிறாயோ அப்படி.

மூக்காண்டி

*

சங்கரன்கோவில்
ஏப்ரல் 16

வாணி அப்பாவுக்கு,

இது கைக்குக் கிடைக்க வேண்டுமே என்று பயந்து ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டிலேயே இறங்குங்கள். மூன்று மணி வெயிலில், எல்லாக் கடையும் திறந்திருக்கும்போது இறங்குங்கள். நான் வந்து நிற்பேன். பிரசாரம் முடிந்திருக்கும், எனக்கு வேறு வேலையும் இல்லை. அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். தலையில் கை வைத்தார். அப்புறம், "எந்தப் பஸ்சுன்னு சொல்லு, நானும் வாரேன்" என்றார்.

பேச்சிராஜையும் கூட்டி வாருங்கள். அவனுக்கு என்ன பதில் சொல்ல என்று எனக்கும் தெரியவில்லை. நீங்கள், நான், பேச்சித்தாய், அவன் நாலு பேரும் உட்கார்ந்து யோசிப்போம். ஜெயித்தால் அதைக் கேட்டு அலைகிறேன். தோற்றாலும் கேட்டு அலைகிறேன், சம்பளமில்லாமல்.

நான் ஜெயிப்பது கஷ்டம் என்றுதான் எல்லாரும் சொல்லுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஜெயித்தால் உங்கள் வேலை போகும், தோற்றால் நீங்கள் திரும்ப அந்தக் கடைக்குள் போவீர்கள். எது நடக்க வேண்டும் என்று கோமதியம்மனைக் கும்பிடுவதென்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வந்தேன். நீங்கள் ஊருக்கு வந்து சேர வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

ஓட்டுச்சாவடியில் ஆம்பிளை வரிசை தனி, பொம்பிளை வரிசை தனி. அதுவரைக்கும் தெரு வழியாக இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போவோம். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்க மாட்டேன். எதிரே யார் வந்து, யாரும்மா இது என்று கேட்டாலும், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. நான்தான் சொல்லுவேன்.

நிர்மலா